வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுவதற்கு முன்னால்

(மொரிசியஸ், ரோஸ் ஹில்லில் ஒரு தமிழ் மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பெரியோர்களே, கோவில் அறங்காவலர்களே, பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

நீடித்து நிற்கும் கட்டுமானத் திட்டங்களை நடத்துவது எப்படி என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறீர்கள். தலைப்பு பெரிது. என்னிடம் இருப்பது ஒரே ஒரு வாதம்தான். இந்தத் தீவில் பெரிய வேலைகள் தடுமாறியபோதெல்லாம் சிமெண்ட்டையும் கம்பியையும் ஒப்பந்தக்காரரையும் திட்டித் தீர்த்தோம். மண்ணிடம் முதலில் கேட்க வேண்டியதைக் கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டோம் என்பதை மட்டும் பேசாமல் விட்டுவிட்டோம்.

1735-இல் லா பூர்தொன்னே பிரெஞ்சு ஆளுநராக வந்து போர்ட் லூயிஸைத் துறைமுக நகரமாகக் கட்ட முனைந்தபோது, புதுச்சேரியிலிருந்து கொத்தர்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். நம்மவர்கள் இங்கே கால் வைத்தது கரும்புக்காக மட்டுமல்ல. கரணையோடும் தூக்குக் குண்டோடும் வந்தவர்களும் நாம்தான். அவர்கள் ஊரில் மனை பார்க்கும் வழக்கம் ஒன்று உண்டு. ஒரு குழி தோண்டி, எடுத்த மண்ணையே திரும்ப அதில் கொட்டுவார்கள். மண் மிஞ்சினால் நல்ல மனை, குறைந்தால் ஆகாத மனை. இதைச் சகுனம் என்று சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. நான் சிரிக்க மாட்டேன். மண் எவ்வளவு இறுக்கமாகக் கிடக்கிறது என்பதற்கு அது நாலு பேர் கண்முன்னே செய்த சோதனை. செலவும் இல்லை, முக்கியமாக, கல் வந்து இறங்குவதற்கு முன்பே அதைச் செய்துவிடுவார்கள்.

இப்போது நாம் செய்வதைப் பாருங்கள். பூமியைத் துளைத்து எடுத்த கல் உருளைகளை நீளமான பெட்டிகளில் வரிசையாக அடுக்குவார்கள். ஒவ்வொரு வரிசையின் ஓரத்திலும் எத்தனையாவது மீட்டர் என்று எழுதியிருக்கும். நம் தீவின் பெட்டி ஒன்றைத் திறந்தால் மேலே சிவந்த களிமண். அதன் கீழே உளி தெறிக்கும் கருங்கல். "பாறை கிடைத்துவிட்டது, இனிக் கவலையில்லை" என்று யாராவது கண்டிப்பாகச் சொல்வார். அடுத்த ஒன்றரை மீட்டருக்குப் பெட்டியில் ஒன்றுமே இருக்காது. துளைப்பான் போய்வந்திருக்கிறது, கையில் எதுவும் வரவில்லை. அந்த இடத்தில் கல் மட்கிப் பொடியாகியிருக்கலாம், பழைய எரிமலைக் குழம்பு ஓடி வடிந்த வெற்றுக் குகையாகவும் இருக்கலாம். பாறை என்று நம்பியது களிமண்ணுக்குள் கிடக்கும் உருண்டைக் கல்லாகப் போய்விடும். எரிமலையில் பிறந்த தீவு இது. பத்தடி தள்ளித் துளைத்தால் வேறு கதை சொல்லும். அதனால்தான் ஒரு மைதானத்துக்கு மூன்று துளை போதும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

பகத்தேல் அணையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 14 மில்லியன் கன மீட்டர் நீர் தேக்குவதற்காக அமைந்தது. 2014-இல் முடிய வேண்டிய வேலை 2017 வரை இழுத்தது. செலவு முதலில் போட்ட கணக்கைப்போல் ஏறக்குறைய இருமடங்கானது. அணைக்கு அடியில் கிடந்த மட்கிய எரிமலைக் கல் முன்பு நினைத்ததைவிட மோசம் என்று வேலை நடந்துகொண்டிருக்கும்போது தெரியவந்தது. நீர் அடியில் கசியாமல் தடுக்க அஸ்திவார வடிவமைப்பையே மாற்ற வேண்டியதாயிற்று. தெர் ரூஜ் - வெர்தன் சாலை 2013-இல் திறக்கப்பட்டது. 2015 தொடக்கத்து மழைக்குப் பிறகு அதன் ஒரு பகுதி விரிசல் விட்டுச் சரிந்தது, போக்குவரத்தை நிறுத்தினார்கள்.

நடுவழியில் மண் தன் சுயரூபத்தைக் காட்டினால் என்ன நடக்கும் என்பதை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். "எதிர்பாராத நில நிலைமை" என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ஒப்பந்தக்காரர் கடிதம் எழுதுவார். அவருடைய இயந்திரங்கள் சும்மா நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் பில் வரும். புதிய வேலைக்குப் புதிய விலை பேச வேண்டும். வேறு ஆளைத் தேட நேரம் இல்லாததால் அவர் சொன்னதுதான் விலை. நான் அவரைக் குறை சொல்லவில்லை. குறைந்த விலைக்கே டெண்டர் என்று வைத்துவிட்டு, மண் ஆய்வையும் நாமே அரைகுறையாகச் செய்து கொடுத்தால், அவர் வேறு எங்கே பிழைப்பார்?

இதற்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமெண்ட்டிலிருந்து வருகிறது. நமக்கோ சிமெண்ட் கப்பலில்தான் வந்து இறங்குகிறது. ஒரே சாலையை இரண்டு முறை போட்டுவிட்டு, அதன் விளக்குக் கம்பங்களில் சூரியத் தகடு மாட்டினால் அது பசுமைச் சாலை ஆகிவிடாது.

நன்றாக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். மாயேபூர்ப் பக்கம் கடற்காயலில் படகுகளை நிறுத்தி மணல் அள்ளிய காலம் இங்கே பலருக்கு நினைவிருக்கும். பவளப் பாறை தேய்ந்து உண்டான மணல் அது. அள்ளியதால் காயல் கலங்கியது, கரை அரித்தது. 2001-இல் அதை அடியோடு தடை செய்தார்கள். அள்ளிப் பிழைத்தவர்களுக்கு இழப்பீடும் கொடுத்தார்கள். அதற்குப் பதிலாகக் கருங்கல்லை உடைத்து மணலாக்கினோம். தமிழ்நாட்டில் எம்-சாண்ட் என்கிறார்களே, அதேதான். வீடு கட்டவே முடியாது என்று அன்று கூக்குரல் எழுந்தது. வீடுகள் எழும்பிக்கொண்டுதான் இருக்கின்றன. சொல்லப்போனால், கடல் மணலின் உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். அந்தத் தொல்லையும் ஒழிந்தது.

ஆனால் உடைத்த மணலுக்கும் ஒரு குணம் உண்டு. அதில் தூள் அதிகம், துகள்கள் கூர்மையானவை. கலவை சீக்கிரம் முறுக்கிக்கொள்ளும். கரணை ஓடவில்லை என்று மேஸ்திரி ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவார். அந்த ஒரு வாளியில் கான்கிரீட்டின் வலிமை போய்விடும். ஸ்லம்ப் சோதனைக்கான கூம்பு 300 மில்லிமீட்டர் உயரம்தான்; மூன்று அடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 25 குத்து குத்தி, கூம்பைத் தூக்கினால் கலவை எவ்வளவு அமர்கிறது, தண்ணீர் கூடிவிட்டதா என்று தெரிந்துவிடும். சில நிமிட வேலை. வேலைத்தளத்தில் அந்தக் கூம்பு சுத்தமாகத் துடைத்து எண்ணெய் தடவிக் கிடக்கிறதா, காய்ந்த சிமெண்ட் அப்பிக் கிடக்கிறதா என்று பாருங்கள். அதைப் பார்த்தாலே அங்கே நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இனி நாட்காட்டி. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு மட்டும் இதில் தீராத ஆதங்கம். நம் நிதியாண்டு ஜூலையில் தொடங்குகிறது. பணம் ஒதுக்கி, டெண்டர் விட்டு, மேல்முறையீடு முடிந்து, வேலை உத்தரவு கைக்கு வரும்போது நவம்பர். நவம்பர் என்றால் புயல் பருவம் பிறந்துவிட்டது. மண் வெட்டிக் கரை எழுப்ப உகந்த மே முதல் அக்டோபர் வரையிலான மாதங்கள் காகிதத்தில் கரைந்துபோகின்றன; மழை கொட்டும் மாதங்களில் மண்வாரி இயந்திரங்கள் இறங்குகின்றன. மேட்டுநிலத்தில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் வரை பெய்யும் நாட்டில் ஈரக் களிமண்ணை எப்படி இறுக்குவது? இறுக்கியதாக எழுதிக்கொள்ளலாம், அவ்வளவுதான். டெண்டர் வேலைகளை முந்தின நிதியாண்டிலேயே முடித்து வைத்தால் இது தீரும். அதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

மழை என்றதும் 2013 மார்ச் 30 நினைவுக்கு வருகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் போர்ட் லூயிஸில் 152 மில்லிமீட்டர் பெய்தது; 11 பேர் இறந்தார்கள். தலைநகரின் நடுவே நீர் ஓடிய பாதைகள் குறுகியும் அடைபட்டும் கிடந்தன. சுரங்கப் பாதைக்குள் நீர் புகுந்தபோது உள்ளே இருந்தவர்களுக்கு வெளியேற வழியில்லை. 2017-இல் வடிகால்களுக்கென்று தனி ஆணையம் அமைக்கச் சட்டம் வந்தது. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது அதே நகரத்தில் கார்கள் மறுபடியும் மிதந்தன. நம் முன்னோர் ஏரி வெட்டியபோது கரையை உயர்த்துவதோடு நிறுத்தவில்லை. மிகுந்த நீர் வெளியேறக் கலிங்கையும் சேர்த்தே கட்டினார்கள். இங்கே கட்டடத்தின் வரைபடம் பத்துத் தாள் என்றால் வடிகாலுக்கு ஒரு தாள். அதையும் கடைசியில் வைப்பார்கள்.

மெட்ரோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1864-இல் தொடங்கிய ரயிலை 1956-இல் பயணிகளுக்கும் 1964-இல் சரக்குக்கும் நிறுத்திவிட்டோம். அந்தப் பழைய தடத்தின் பெரும்பகுதியையே இன்றைய மெட்ரோவும் பிடித்துக்கொண்டு 2019-இல் ஓடத் தொடங்கியது. 2022-இல் கியூர்பிப் வரை போய்விட்டது. தடத்தை அன்றே கட்டிக் காத்திருந்தால், நடைபாதை மரங்களை வெட்டியிருக்க வேண்டாம், சில குடும்பங்களின் வீடுகளை இடித்திருக்கவும் வேண்டாம். ஆனாலும் அந்த ரயில் வேண்டும் என்பதே என் கட்சி.

கேள்வி நேரத்தில் ஓர் அம்மா கேட்டார்: "அணை கட்டுகிறார்கள், ஆனால் வறட்சிக் காலத்தில் எங்கள் தெருவுக்கு மணிக்கணக்கு வைத்துத்தானே தண்ணீர் விடுகிறார்கள்?" சரியான கேள்வி. சுத்திகரித்து அனுப்பும் நீரில் ஏறத்தாழ பாதி பழைய குழாய்களில் கசிந்தும் கணக்கில் வராமலும் போகிறது. குழாய் மாற்றுவதற்குத் திறப்பு விழா கிடையாது, நாடா வெட்ட யாரும் வருவதில்லை. தெருவைத் தோண்டியதற்குத் திட்டு மட்டும் கிடைக்கும். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், அடுத்த அணையைத் தள்ளிவைத்துவிட்டுக் குழாயைத்தான் மாற்றச் சொல்வேன்.

அறங்காவலர் ஒருவர் தங்கள் கோவிலில் புதிய மண்டபம் எழுப்பப்போவதாகவும், நான் வந்து பார்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். வருகிறேன் ஐயா. ஆனால் மண் ஆய்வு அறிக்கையும் வடிகால் வரைபடமும் தயாரான பிறகு கூப்பிடுங்கள். மண்டபத்தின் வண்ணப் படத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.