பற்பசைக்குள் ஓர் உப்புத்தாள்

வணக்கம் நேயர்களே. பல் துலக்கும் பேஸ்டை வைத்து வீட்டில் எதையெல்லாம் சுத்தம் செய்யலாம் என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். எதை அதால் தொடவே கூடாது என்பதைப் பற்றித்தான் நான் அதிகம் பேசப் போகிறேன். அதற்குக் காரணம் என் அப்பாவின் மூக்குக் கண்ணாடி.

அந்தக் கண்ணாடியின் இடது லென்ஸில் மெல்லியதாக ஒரு கீறல் இருந்தது. பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் போய்விடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பஞ்சில் துளி பேஸ்ட் எடுத்து, வட்ட வட்டமாக ஐந்து நிமிடம் தேய்த்து, கழுவித் துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கீறல் மங்கியிருந்தது, எனக்கு அவ்வளவு சந்தோஷம். ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் அப்பா அதைப் போட்டுக்கொண்டு செய்தித்தாளைப் பிரித்தார். உடனே கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடியும் கழற்றித் துடைத்தார். வாங்கிப் பார்த்தால், லென்ஸின் நடுவில் தண்ணீரில் எண்ணெய்த் துளி பரவினாற்போல நீலமும் பச்சையுமாக ஒரு திட்டு, அதைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகக் கோடுகள். விளக்கைப் பார்த்தால் விளக்கைச் சுற்றிப் புகைமூட்டம். புதுக் கண்ணாடி வரும்வரை அப்பா அதையே போட்டுக்கொண்டிருந்தார், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கப்புறம்தான் இந்த டியூபுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

உள்ளே இருப்பது ரொம்ப எளிமையான கலவைதான். முதலில் ஒரு தூள், பெரும்பாலும் ஹைட்ரேட்டட் சிலிக்கா அல்லது கால்சியம் கார்பனேட். அந்தத் தூள் உலர்ந்து கட்டியாகிவிடாமல் ஈரத்தைப் பிடித்து வைக்க கிளிசரின் அல்லது சார்பிட்டால். தூளும் நீரும் பிரியாமல் இருக்க ஒரு பிசின். நுரைக்க சோடியம் லாரில் சல்பேட், இது ஷாம்பூவிலும் இருக்கிற சோப்புச் சரக்குதான். அப்புறம் ஃப்ளூரைடு, இனிப்பு, புதினா வாசனை. இதில் சுத்தம் செய்கிற வேலையைப் பார்ப்பவர்கள் இரண்டே பேர், நுரைக்கிற சோப்பும் தேய்க்கிற தூளும். ஃப்ளூரைடு பல்லுக்கு அருமையான பொருள், சமையலறைக் குழாய்க்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சோப்பு செய்கிற வேலையை, அதாவது எண்ணெய்ப் பிசுக்கைப் பிரித்து எடுப்பதை, பாத்திரம் கழுவும் சோப்பு இதைவிட நன்றாகவே செய்யும், கழுவினால் சுத்தமாகப் போயும் விடும். அப்படியானால் பேஸ்ட் கூடுதலாகக் கொடுப்பது அந்தத் தூளை மட்டும்தான். தச்சர் பலகையை இழைத்து முடித்த பிறகு உப்புத்தாளால் தேய்ப்பார் இல்லையா, அதே வேலைதான் இது. மிக மிக நைசான உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் குழைத்து, புதினா வாசம் கலந்து டியூபில் அடைத்தால் அதுதான் பேஸ்ட். ஆகவே பேஸ்டைக் கையில் எடுக்கும்போது, நான் இதைக் கழுவப் போகிறேனா, இல்லை இழைக்கப் போகிறேனா என்று ஒரு தடவை நினைத்துப் பார்த்தாலே பாதிச் சேதம் தவிர்ந்துவிடும்.

அந்தத் தூள் பல்லை அரிக்காதா என்று நீங்கள் கேட்கலாம். பல்லை மனதில் வைத்துத்தான் அதன் அளவையே நிர்ணயித்திருக்கிறார்கள். ஒரு பொருள் எவ்வளவு கடினம் என்று சொல்ல மோஸ் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது, ஃபிரெடரிக் மோஸ் என்பவர் 1812-இல் வகுத்தது, ஒன்றிலிருந்து பத்து வரை போகும், பத்து வைரம். பல்லின் மேல் இருக்கும் எனாமல் அதில் சுமார் 5. கால்சியம் கார்பனேட் தூள் 3. எனாமலுக்கு அடியில் இருக்கிற டென்டின் மென்மையானது, அதனால் ஒரு பேஸ்ட் டென்டினை எவ்வளவு தேய்க்கிறது என்று அளக்க ஆர்.டி.ஏ. என்று ஓர் எண் வைத்திருக்கிறார்கள். சர்வதேசத் தர விதியான ஐ.எஸ்.ஓ. 11609 அதற்கு 250-ஐ மேல் வரம்பாக வைத்திருக்கிறது. இவ்வளவு கணக்கும் பல்லுக்காகப் போட்டது. உங்கள் மோதிரத்துக்கோ போன் திரைக்கோ யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து டியூபில் அடைக்கவில்லை.

வெள்ளி அதே அளவுகோலில் இரண்டரைதான். தங்கமும் இரண்டரையில் இருந்து மூன்றுக்குள். அதாவது இரண்டுமே எனாமலைவிட எவ்வளவோ மென்மை. முத்து, நகையில் பதிக்கிற அம்பர் என்னும் கல்லான மரப்பிசின் இவையும் அப்படித்தான். பிளாஸ்டிக் லென்ஸைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கறுத்துப்போன வெள்ளிக் கொலுசையோ சங்கிலியையோ எடுத்துப் பேஸ்ட் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், துணி கறுப்பாகிவிடும், வெள்ளி பளிச்சென்று வரும். பார்க்கிறவருக்கு அழுக்கு போய்விட்டது என்று தோன்றும். ஆனால் அது வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு இல்லை. காற்றில் இருக்கிற கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடாக மாறியிருக்கின்றன, அந்தக் கறுப்பிலேயே உங்கள் வெள்ளி இருக்கிறது. தேய்த்து எடுக்கும்போது அதையும் எடுக்கிறீர்கள், அடியில் இருக்கிற நல்ல வெள்ளியிலும் கொஞ்சம் எடுக்கிறீர்கள். கனமான பாத்திரம் என்றால் அது பெரிதாகத் தெரியாது. வெள்ளி முலாம் பூசியது என்றால் அந்த முலாமே சில மைக்ரான் தடிமன்தான், தலைமுடியின் தடிமனில் சிறு பங்கு. நாலு தடவை தேய்த்தால் முனைகளில் மஞ்சளாகப் பித்தளை எட்டிப் பார்க்கும்.

இதற்கு எவ்வளவோ நல்ல வழி இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் அலுமினியத் தாளை விரியுங்கள். அதன்மேல் வெள்ளிப் பொருளைத் தாளில் படுகிற மாதிரி வையுங்கள், தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், அது முக்கியம். சமையல் சோடாவை ஒரு பெரிய கரண்டி தூவி, வெந்நீரை ஊற்றுங்கள். லேசாக அழுகிய முட்டை நாற்றம் வரும், பயப்பட வேண்டாம், அது கந்தகத்தின் வாசனை. கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்தோடு போய்ச் சேர, கறுப்பில் இருந்த வெள்ளி மறுபடி வெள்ளியாகப் பொருளின் மேலேயே தங்கிவிடுகிறது. தேய்க்கவே வேண்டாம். கல் பதித்தது, முத்து கோத்தது, வேண்டுமென்றே கறுப்பு ஏற்றி வேலைப்பாடு செய்தது, இந்த மூன்றையும் மட்டும் இதில் போடாதீர்கள்.

அப்பாவின் கண்ணாடியில் நடந்தது வேறு கதை. இப்போதைய லென்ஸ்களில் ஒளி பிரதிபலிக்காமல் இருக்க ஒரு பூச்சு பூசியிருக்கிறார்கள், பல அடுக்குகள் சேர்ந்தும் அதன் தடிமன் ஒரு மைக்ரான்கூட வராது. நான் ஐந்து நிமிடம் உட்கார்ந்து தேய்த்தது அதைத்தான். கீறல் மங்கியது உண்மை, ஏனென்றால் சுற்றியிருந்த இடமும் கீறலின் நிலைமைக்கு வந்துவிட்டது. போன் திரையில் கைரேகை ஒட்டாமல் இருக்க இதே மாதிரி ஒரு மெல்லிய பூச்சு இருக்கும், ஒட்டாத இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டிலும் பூச்சு இருக்கும். பூச்சு என்று ஒன்று இருந்தால் பேஸ்டை எடுக்காதீர்கள், நைசாகத் தேய்க்கிறேன், மெதுவாகத் தேய்க்கிறேன் என்ற சமாதானமும் வேண்டாம். நீராவி இஸ்திரிப் பெட்டியில் இன்னொரு தொல்லையும் உண்டு, துளைகளுக்குள் பேஸ்ட் புகுந்து காய்ந்து, அடுத்த தடவை சட்டை மேல் வெள்ளைத் துகளாக வந்து விழும்.

கார் ஹெட்லைட் விஷயமும் இதே வகைதான். அந்த மூடி பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயிலின் புற ஊதாக் கதிர் தாக்காமல் இருக்க மேலே ஒரு பூச்சு உண்டு, வருடக்கணக்கில் வெயில் பட்டு அந்தப் பூச்சுதான் முதலில் மஞ்சளித்து மங்குகிறது. பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் அந்த மங்கல் அடுக்கு கொஞ்சம் போய், அன்றைக்குப் புதுசு மாதிரி தெரியும். ஆனால் காவலுக்கு இருந்த பூச்சும் சேர்ந்து போய்விட்டதால் பிளாஸ்டிக் வெயிலுக்கு நேராக நிற்கிறது, மஞ்சள் முன்னைவிடச் சீக்கிரம் திரும்பி வரும். முறையாகச் செய்பவர்கள் படிப்படியாக நைசான உப்புத்தாளால் ஈரத்தோடு தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சைப் புதிதாகப் பூசுவார்கள். அந்தக் கடைசிப் படி இல்லாமல் முதல் படியை மட்டும் செய்து பிரயோஜனம் இல்லை.

சரி, இது எங்கேதான் உதவும்? அடியில் இருப்பது கெட்டியாக இருந்து, பூச்சு எதுவும் இல்லாமல், கறை மட்டும் மேலே ஒட்டியிருந்தால் உதவும். முக்குளிப்பவர்கள் புதுசாக வாங்கிய முகமூடியின் உள்பக்கக் கண்ணாடியை வெள்ளைப் பேஸ்டால் தேய்ப்பது வழக்கம். தயாரிக்கும்போது கண்ணாடியில் படிந்த சிலிகோன் படலம் போனால்தான் தண்ணீருக்குள் பனி மூடாமல் இருக்கும். நிஜக் கண்ணாடி மோஸ் அளவில் ஐந்தரைப் பக்கம், அதனால் தாங்கும். பளபளப்புப் பூசிய பீங்கான் கோப்பைக்குள் இருக்கிற டீக்கறையும் அப்படித்தான், அந்தப் பூச்சே ஒருவகைக் கண்ணாடி, தேய்த்துவிட்டு நன்றாகக் கழுவினால் போதும். வெள்ளை ஷூவின் ரப்பர் ஓரம், அது எனக்கே பிடித்த உபயோகம், பழைய பிரஷ்ஷில் கொஞ்சம் வைத்துத் தேய்த்தால் நிமிடத்தில் வெள்ளையாகும். ரப்பரில் ஓர் அடுக்கு போனால் போகட்டும்.

கீறல் விழுந்த பழைய குறுந்தகட்டையும் இதால் சிலசமயம் பிழைக்க வைக்கலாம். தகடு 1.2 மில்லிமீட்டர் தடிமன், கீழ்ப் பக்கம் முழுக்கத் தெளிவான பிளாஸ்டிக், தகவல் இருப்பது லேபிள் பக்கத்தை ஒட்டி. அதனால் கீழே கொஞ்சம் இழைத்தால் தகவலுக்குச் சேதமில்லை. ஆனால் வட்டமாகத் தேய்க்காதீர்கள், நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாக இழுங்கள். வட்டமாகக் கீறல் விழுந்தால் தடத்தின் நீளத்துக்கே தகவல் விட்டுப்போகும், குறுக்கே விழுந்தால் சின்னச் சின்ன இடைவெளிதான், அதைக் கருவியின் பிழைதிருத்தம் நிரப்பிக்கொள்ளும்.

சுவரில் பிள்ளைகள் கிரேயானால் கிறுக்கியதை எடுக்கலாம் என்பார்கள். எடுக்கும், ஆனால் மங்கலான பெயின்ட் அடித்த சுவராக இருந்தால் தேய்த்த இடம் மட்டும் தனியாக மினுங்கும், அப்புறம் அதை மறைக்கச் சுவர் முழுக்க அடிக்க வேண்டும். முதலில் பாத்திர சோப்பும் ஈரத் துணியும் போதுமா என்று பாருங்கள். மர மேசையில் சூடான கோப்பை வைத்த வெள்ளை வளையம், வார்னிஷுக்குள் ஈரம் சிக்கியதால் வருவது. பேஸ்ட் அதை எடுப்பது வார்னிஷைக் குறைத்துத்தான், அதற்கு முன் தலை உலர்த்தியைக் குறைந்த சூட்டில் காட்டி ஈரத்தை வெளியேற்றிப் பார்க்கலாம்.

குழாயில் படியும் வெள்ளை உப்புக்கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதே கால்சியம் கார்பனேட் தூளை வைத்து அதைத் தேய்ப்பது வீண் உழைப்பு, அதைக் கரைக்க அமிலம் வேண்டும். வினிகரில் துணியை நனைத்துக் குழாயைச் சுற்றி அரை மணி நேரம் விட்டால் தானாக இளகும். பளிங்குத் தரை, பளிங்கு மேடை பக்கம் வினிகரைக் கொண்டுபோகாதீர்கள், பளிங்கும் கால்சியம் கார்பனேட்தான், அதுவும் கரையும். பிளீச்சோடு வினிகரைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

எந்தப் பேஸ்ட் அதிகமாகத் தேய்க்கும் என்று டியூபைப் பார்த்துச் சொல்வது கஷ்டம். ஜெல் என்றால் மென்மை என்று நம்பிவிடாதீர்கள், கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிற ஜெல்லிலும் சிலிக்கா இருக்கிறது, ஒளி அதில் ஊடுருவிப் போவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. பல்லை வெளுப்பாக்கும் வகைகள் பொதுவாகக் கூடுதலாகவே தேய்க்கும். ஒரு வேண்டாத குறுந்தகட்டின் பளபளப்பான பக்கத்தில் உங்கள் வீட்டுப் பேஸ்டை விரலால் முப்பது தடவை தேய்த்து, கழுவி, விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பாருங்கள். கோடு கோடாகத் தெரிவதுதான் மற்ற பொருள்களிலும் நடக்கப் போவது.

எதில் உபயோகித்தாலும் முழுக்கக் கழுவி எடுங்கள், வேலைப்பாடு உள்ள நகையின் இடுக்கில் தங்கிய பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி இறுகிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சுத்தத்தோடு சம்பந்தப்படாதது, ஆனால் இதே டியூபால் நடப்பது. கை சுட்டுவிட்டால் பேஸ்ட் தடவுகிறார்கள். தயவுசெய்து தடவாதீர்கள். தடவியதும் குளுகுளுவென்று இருப்பது மென்தால் நரம்பைக் குளிர்ச்சி என்று நம்பவைப்பதால்தான், தோலின் சூடு அப்படியே உள்ளே இருக்கிறது, மேலே பேஸ்ட் மூடிக்கொண்டிருக்கிறது. உடனே ஓடுகிற குழாய்த் தண்ணீரில் காயத்தை 20 நிமிடம் காட்டுங்கள், ஐஸ் வேண்டாம், சாதாரணக் குளிர்ந்த தண்ணீர்தான். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்கு முன்னால் கழற்றிவிடுங்கள். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, முகத்திலோ மூட்டிலோ பட்டிருந்தாலோ, குழந்தைக்கு என்றாலோ, தண்ணீரில் காட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள். ஏற்கனவே பேஸ்ட் தடவியிருந்தால் தேய்த்து எடுக்க வேண்டாம், அதே ஓடும் தண்ணீரில் தானாகக் கரைந்து போகவிடுங்கள். வணக்கம்.