ரேக் தட்டுக்கு எத்தனை கேஜ் தகடு? முதல்ல மடிப்பை முடிவு பண்ணுங்க

[திரையில்: பாரிமுனை இரும்புக் கடை, சாய்த்து வைத்த தகடுகள்]

வணக்கம். வீட்டுக்கு நாமளே ஒரு ஸ்டீல் ரேக் செஞ்சுக்கலாம்னு சென்னை பாரிமுனைப் பக்கம் தகடு வாங்கப் போனா, கடையில கேக்குற முதல் கேள்வி "எத்தனை கேஜ் சார்?" கேஜ்னா தகட்டோட கனத்தை, அதாவது தடிமனைச் சொல்ற நம்பர். நம்மள்ல பல பேர் "நல்ல கனமா குடுங்க"ன்னு சொல்லிடுவோம். காசு வீணாகுறது அங்கதான். ஏன்னு காட்டுறேன்.

[திரையில்: இரண்டு செங்கல், நடுவில் 90 செ.மீ. இடைவெளி, மேலே வெறும் தகடு]

இது 1 மி.மீ. தகடு, 30 சென்டிமீட்டர் அகலம். மேல இன்னும் ஒரு சாமான்கூட வைக்கல. தன்னோட 2 கிலோ எடைக்கே நடுவுல 4 சென்டிமீட்டர் பக்கம் தொய்ஞ்சு நிக்குது, பாருங்க.

சரி, 2 மி.மீ. போட்டா? கனம் ரெண்டு மடங்கானா விறைப்பு எட்டு மடங்கு ஏறும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அது மேல 50 கிலோவைப் பரவலா வெச்சா, கணக்குப்படி 10 சென்டிமீட்டருக்கு மேல தொய்யும். இறக்கின பிறகு முழுசா நிமிராமலும் போகலாம். தகடு கிலோ கணக்குல விக்கிற பொருள். அதனால செலவும் ரெட்டிப்பு.

[திரையில்: அதே 1 மி.மீ. தகடு, இரு நீள ஓரமும் கீழ்நோக்கி மடிக்கப்பட்டு]

இப்ப அதே 1 மி.மீ. தகட்டுக்கு ரெண்டு நீள ஓரத்தையும் 25 மி.மீ. கீழ மடிச்சிருக்கேன். கூடுதலா செலவான தகடு ஆறுல ஒரு பங்குதான். காகிதக் கணக்குல விறைப்பு கிட்டத்தட்ட 400 மடங்கு! அதே 50 கிலோவுக்கு 2, 3 மி.மீ.தான் இறங்கணும். நிஜத்துல அகலமான தகடு கொஞ்சம் நெளியும், அதனால இன்னும் கொஞ்சம் கூடுதலா இறங்கலாம். இருந்தாலும் வெறும் தகட்டுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். மடிப்பை 25-லேர்ந்து 40 மி.மீ. ஆக்குனா இன்னும் மூணு மடங்குக்கு மேல ஏறும்.

சுமையைத் தாங்குறது மடிப்புதான். அப்போ கனம் எதுக்கு? சொட்டை விழாம இருக்க, அதிராம இருக்க, வெல்டிங் வெச்சா ஓட்டை விழாம இருக்க, துருவுக்குக் கொஞ்சம் தாக்குப்பிடிக்க.

அதனால நான் சொல்றது இது. துணி, செருப்பு, லேசான டப்பாவுக்கு 22 கேஜ், அதாவது சுமார் 0.7 மி.மீ. போதும். புத்தகம், மளிகைச் சாமானுக்கு 20 கேஜ், 0.9 மி.மீ. டேபிள்டாப் கிரைண்டர், டூல்ஸ், தண்ணி கேன் வைக்கிற தட்டுக்கு 18 கேஜ், 1.2 மி.மீ. 20 லிட்டர் கேன் நிறைஞ்சா 20 கிலோவுக்கு மேல. அதைத் தினமும் 'டொம்'னு இறக்கி வெப்பாங்க, மெல்லிசுத் தகடுன்னா அந்த இடத்துலயே குழி விழும். கிரைண்டர் ஓடும்போது மெல்லிசுத் தட்டு 'கடகட'ன்னு சத்தம் போடும். அந்தத் தட்டுக்கு அடியில குறுக்கா 'U' வடிவத்துல மடிச்ச ஒரு பட்டி குடுத்துடுங்க. ஒரு தட்டுல 100 கிலோவுக்கு மேல ஏத்தணும்னா தகட்டைக் கனமாக்காதீங்க, அடியில ஆங்கிள் ஃபிரேம், அதாவது 'L' வடிவ இரும்புல செஞ்ச சட்டம் போடுங்க. காலுக்கு 14 கேஜ், 2 மி.மீ. ஸ்லாட்டட் ஆங்கிள், அதாவது போல்ட் போட வரிசையா ஓட்டை இருக்கிற ஆங்கிள்.

[திரையில்: தராசில் தகடு]

கேஜ் நம்பர் குறையக் குறைய கனம் கூடும். ஆனா கேஜ் அட்டவணை ஒண்ணுக்கொண்ணு மாறும், அதனால மில்லிமீட்டர்ல கேளுங்க. எடை போட்டும் சரிபாக்கலாம்: 8-க்கு 4 அடி ஷீட், 1 மி.மீ.ன்னா 23 கிலோ சொச்சம் இருக்கணும். 20 கிலோதான் காட்டுதுன்னா உங்க கையில இருக்கிறது 0.85 பக்கம்.

அம்பத்தூர், கிண்டி எஸ்டேட் பக்கம் தகடு மடிக்கிற பெண்டிங் பட்டறையில குடுக்கும்போது மடிப்போட முனையை 10 மி.மீ. உள்பக்கமா இன்னொரு தடவை மடிக்கச் சொல்லுங்க. கை கிழிக்காது, ஓரமும் நெளியாது. 1 மி.மீ.க்குக் கீழன்னா சாதா ராடு வெல்டிங் வேண்டாம், பொத்துக்கும். நட்டு போல்ட் போடுங்க, இல்லேன்னா ஸ்பாட் வெல்டிங். ரேக் ஆடுதுன்னா அதுக்கும் கனம் காரணமில்ல. மூலைக்கு மூலை கார்னர் பிளேட்டும் பின்னாடி குறுக்குப் பட்டியும் இல்லாததுதான். உயரமான ரேக்கைச் சுவத்தோட கண்டிப்பா பிடிச்சிடுங்க, குழந்தைங்க ஏறுவாங்க.

கடைசியா துரு. திருவொற்றியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலோர வீடுன்னா உப்புக்காத்து சி.ஆர். தகட்டை, அதாவது துத்தநாகம் பூசாத சாதா இரும்புத் தகட்டைச் சும்மா விடாது. வெட்டுன ஓரத்துலயும் ஓட்டை போட்ட இடத்துலயும்தான் துரு முதல்ல பிடிக்கும். அதனால வெட்டு, ஓட்டை, மடிப்பு எல்லாத்தையும் முடிச்சு, எண்ணெயைச் சுத்தமா துடைச்சிட்டு, அப்புறமா பவுடர் கோட்டிங் குடுங்க. இல்லேன்னா ரெட் ஆக்சைடு பிரைமர் அடிச்சு, அது மேல எனாமல் பெயின்ட். ஜி.ஐ. தகடுன்னா, அதாவது துத்தநாகம் பூசின தகடுன்னா, ரெட் ஆக்சைடு சரியா ஒட்டாது, உரிஞ்சு வரும். அதுக்கு எட்ச் பிரைமர்னு கேட்டு வாங்குங்க. வீடு துடைக்கிற தண்ணி காலோட இரும்புல நேரா படாம ஒவ்வொரு காலுக்கும் ரப்பர் புஷ் மாட்டுங்க.