கேம்பர் வேன் பேட்டரி: செத்துவிட்டதா, பசியில் கிடக்கிறதா?

[காட்சி: ஏற்காடு. சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே வேன். சுற்றிலும் மூடுபனி.]

வணக்கம். போன டிசம்பரில் இதே இடத்தில்தான் நின்றிருந்தேன். ராத்திரி மூன்று மணிக்கு ஃப்ரிட்ஜ் 'டிக்' என்று நின்றுபோனது. இரண்டு நாளாக வெயிலே இல்லை. கூரையில் 200 வாட் பேனல், சீட்டுக்கு அடியில் 100 ஏஹெச் பேட்டரி இரண்டு. ஏஹெச் என்றால் ஆம்பியர்-ஹவர்: எத்தனை ஆம்பியர், எத்தனை மணி நேரம் என்று பெருக்கி வரும் கொள்ளளவு. ஃப்ரிட்ஜ், விளக்கு, ஃபேன் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 45 ஏஹெச் இழுக்கும். அப்படியென்றால் பாதிக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டும். இல்லை.

சேலத்துக்கு இறங்கி ஒரு கடையில் காட்டினேன். "நாலு வருஷம் ஆச்சுல்ல சார், ரெண்டையும் மாத்திடுங்க" என்றார். மூடியைக்கூடத் திறக்கவில்லை. சரி, நாமே பார்ப்போம் என்று வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டேன்.

[காட்சி: சார்ஜ் கன்ட்ரோலர் திரை. 13.6.]

இது பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி. இதன் திரையை நம்பாதீர்கள். மத்தியானம் 13.6 என்று காட்டும், ஃபுல் என்று பச்சை விளக்கும் எரியும். அது பேனல் கொடுத்துக்கொண்டிருக்கும் வோல்டேஜ். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்த கையோடு பார்த்தாலும் இதே கதைதான், அங்கே இன்ஜினோடு சுற்றிக் கரண்ட் கொடுக்கும் ஆல்டர்னேட்டர். இன்னொன்று, கெட்டுப்போன பேட்டரிதான் சீக்கிரம் ஃபுல் ஆகும். பாதி குடம் வண்டல் அடைத்திருந்தால் நாலு செம்பிலேயே நிரம்பிவிடும் அல்லவா?

[காட்சி: வீட்டு வாசல். பேட்டரியைக் கழற்றுவது.]

முதலில் பேனல் வயரை எடுத்துவிட்டுப் பிறகுதான் பேட்டரியைக் கழற்ற வேண்டும். வரிசை மாறினால் சில கன்ட்ரோலர்கள் புகைந்துவிடும். பேட்டரியில் நெகட்டிவ் முதலில். இரண்டு பேட்டரியையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். சேர்ந்தே இருந்தால் கெட்டது எது என்று கடைசிவரை தெரியாது. கரண்ட் சார்ஜரில் ஃபுல்லாக ஏற்றி, எதையும் மாட்டாமல் ஒரு ராத்திரி சும்மா விடுங்கள்.

காலையில் மீட்டர் வைத்தேன். ஒன்றில் 12.7. இன்னொன்றில் 12.4. முழுசாக ஏற்றிய லெட் ஆசிட் பேட்டரி 12.7 பக்கம் நிற்க வேண்டும். ஆனாலும் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

[காட்சி: ஹைட்ரோமீட்டர், நெருக்கமாக.]

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே இருப்பது ஆசிட். 12.4 காட்டியதில் ஆறு செல், ஆறு மூடி. எல்லாவற்றையும் திறந்து ஒவ்வொன்றாகக் கிராவிட்டி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்டால் ஆசிட் எவ்வளவு கனம் என்று பார்க்கிறேன். ரப்பர் குமிழை அழுத்தி விட்டால் ஆசிட் ஏறுகிறது, மிதவை எழும்புகிறது. 1.260, 1.255, 1.260... நான்காவது செல்லில் மிதவை எழும்பவே மனசில்லாமல் கிடக்கிறது. 1.150. செல்லுக்குச் செல் 0.050-க்கு மேல் வித்தியாசம் இருந்தாலே அந்த செல் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். சீல் வைத்த பேட்டரி என்றால் இந்த வழி கிடையாது, நேராக அடுத்ததுக்கு வாருங்கள்.

[காட்சி: தரையில் டைல்ஸ் துண்டு, அதன்மேல் எரியும் ஹெட்லைட் பல்பு.]

நிஜமான பரீட்சை இதுதான். பழைய எச்4 பல்பு, 55 வாட் இழை. மீட்டரில் 4.8 ஆம்பியர் காட்டுகிறது. 100 ஏஹெச் என்று பெட்டியில் அச்சடிப்பது பெரும்பாலும் 5 ஆம்பியரில் 20 மணி நேரக் கணக்கு. அதனால் இந்த பல்பு கச்சிதமாகப் பொருந்துகிறது. பேட்டரி 10.5 வோல்ட்டுக்கு இறங்கும்வரை எத்தனை மணி நேரம் எரிகிறது என்று பாருங்கள். பல்பு சுட்டுப் பொசுக்கும், சீட்டு மேல் வைத்துவிடாதீர்கள். கடைசி ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். அப்போதுதான் வோல்டேஜ் படியில் உருளுகிற மாதிரி விழும். முடிந்ததும் உடனே சார்ஜ் போட்டுவிட வேண்டும். இவ்வளவு ஆழமாக இறக்குவது பேட்டரிக்கு நல்லதில்லை, வருஷத்துக்கு ஒரு தடவை போதும்.

முதல் பேட்டரி 15 மணி 40 நிமிடம் எரிந்தது. 4.8-ஆல் பெருக்கினால் 75 ஏஹெச். இரண்டாவது ஆறரை மணி நேரத்தில் படுத்துவிட்டது: 31. இரண்டும் சேர்த்து 106. இரண்டு நாள் மூடுபனியில் 90 செலவு, அப்புறம் மூன்றாவது ராத்திரி. மூன்று மணி 'டிக்' எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டது.

அப்போது ஏற்காட்டுக் குளிரைத்தான் திட்டினேன். குளிரில் பேட்டரி கொஞ்சம் சோம்பும், அவ்வளவுதான்; வெயில் வந்தால் சரியாகிவிடும். கொன்றது சேலம். சித்திரை வெயிலில் வாசலில் நிற்கிற வேன், சீட்டுக்கு அடியில் காற்றே போகாத பெட்டி. சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

31 வந்ததைக் கடையில் கொடுத்துவிட்டேன், பழைய ஈயத்துக்கு எடை போட்டுக் காசு தருவார்கள். அதன் இடத்தில் புதிதாக ஒன்று வாங்கி மாட்டவில்லை. பழையதோடு புதியதைச் சேர்த்துக் கட்டினால் பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போய்விடும். இப்போதைக்கு ஒற்றை பேட்டரி, பேனலுக்கு வெயில் கிடைக்க வேனை மரநிழலை விட்டுத் தள்ளி நிறுத்துகிறேன். பேட்டரியின் தலையில் மார்க்கரால் 75 என்றும் தேதியும் எழுதியிருக்கிறேன். அடுத்த மார்கழியில் இதே பல்பை மாட்டுவேன். 60-க்குக் கீழே வந்தால் அதுவும் கடைக்குப் போகும்.