ஃபிரிட்ஜின் முதுகுப் பக்கம்

நேயர்களுக்கு வணக்கம். வேலூரில் வெயில் சதம் அடிப்பது நமக்குப் புதிதில்லை. அக்னி நட்சத்திரத்தில் அது 105, 108 என்று ஏறும்போதுதான் "ஃபிரிட்ஜில் கூலிங்கே வரவில்லை, கேஸ் தீர்ந்துவிட்டதா பாருங்கள்" என்று என்னைக் கூப்பிடுவார்கள். பல வருடங்களாக ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறவன் நான். இன்று அதன் பின்பக்கத்தைப் பற்றித்தான் முக்கியமாகப் பேசப்போகிறேன்.

ஃபிரிட்ஜ் குளிரைத் தயாரிப்பதில்லை. குழாய்க்குள் ஓடும் கேஸ்தான் உள்ளே இருக்கும் சூட்டை வாரிக்கொண்டுவந்து வெளியே கொட்டுகிறது. கொட்டுகிற இடம் முதுகுப் பக்கம் தெரியும் கருப்புக் கம்பி வலை. புது மாடல்களில் அந்தக் குழாய் பக்கவாட்டுத் தகட்டுக்குள் ஓடும். தொட்டால் சுடும், அதற்காகப் பயப்பட வேண்டாம். நம் ஊரில் வெளிக்காற்றே 42 டிகிரி செல்சியஸ். அந்தக் காற்றும் போய்வர வழியில்லை என்றால் சூடு எங்கே போகும்?

சத்துவாச்சாரியில் ஒரு வீடு. ஒரே கோடையில் இரண்டு முறை கேஸ் நிரப்பியிருக்கிறார்கள், இரண்டு முறையும் பணம் கொடுத்திருக்கிறார்கள். பால் மட்டும் திரிந்துகொண்டே இருந்தது. நான் போய்ப் பார்த்தேன். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இடுக்கி நிறுத்தியிருந்தார்கள். மேலே பூப்போட்ட துணி, அதன் மேல் ஸ்டெபிலைசர். பின்னால் மடித்துச் செருகிய அரிசிச் சாக்குகள், பழைய காலண்டர்கள். "கொஞ்சம் வெளியே இழுக்கலாமா அம்மா?" என்று கேட்டேன். இழுத்தால் கம்பி தெரியவில்லை, கம்பளி போர்த்தியதுபோல அவ்வளவு தூசி. பிளக்கைக் கழற்றிவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்தோம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, இரண்டு பக்கமும் நான்கு விரல் இடம் விட்டு நிறுத்தினோம். மறுநாள் அந்த அம்மா போன் செய்தார்: "தண்ணி பாட்டில் கைல பிடிக்க முடியல தம்பி!" அன்று கேஸைத் தொடவே இல்லை நான்.

அதனால் சொல்கிறேன், கேஸ் தீர்ந்துபோகிற பொருளில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்பினால் அதுவும் போய்விடும். "எங்கே லீக்?" என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஒரே கதவு இருக்கும் ஃபிரிட்ஜில் ஃப்ரீசரில் ஐஸ் கட்டும். அரை விரல் கனம் வருவதற்குள் டீஃப்ராஸ்ட் பட்டனை அழுத்திவிடுங்கள். அவசரப்பட்டுக் கத்தியால் குத்தாதீர்கள்! அந்தத் தகட்டுக்குள்தான் கேஸ் ஓடுகிறது. இப்போதைய மாடல்கள் பலவற்றில் இருப்பது ஐசோபியூட்டேன், தீப்பற்றக்கூடியது. ஒரு ஓட்டை விழுந்தால் ஃபிரிட்ஜும் போச்சு, ஆபத்தும் கூட.

அப்புறம், கதவு ரப்பர். பத்து ரூபாய் நோட்டை வைத்துக் கதவைச் சாத்துங்கள். இழுத்தால் பிடிப்பில்லாமல் வழுக்கி வருகிறதா? அந்த இடத்தில் வெளிக்காற்று உள்ளே போகிறது. பல வீடுகளில் ரப்பர் கெட்டிருக்காது, மடிப்பில் மாவும் பால் பிசுக்கும் ஏறியிருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தாலே பிடித்துக்கொள்ளும்.

நேரம் ஆகிவிட்டது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். காய்கறி பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சரி, ஒன்று மட்டும். நம் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை வாங்கிவந்து நாள்கணக்கில் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். 10 டிகிரிக்குக் கீழே போனால் கத்திரிக்காய்க்கு ஆகாது, உள்ளே விதை கறுத்துவிடும்.

கடைசியாக, இதை விட முடியாது: பின்னால், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸர் மேல், ஐஸ் உருகி வரும் தண்ணீரைப் பிடிக்க ஒரு தட்டு இருக்கும். அதில் தேங்குகிற தண்ணீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். வாரம் ஒரு முறை பிளக்கைக் கழற்றிவிட்டுத் தட்டிலுள்ள தண்ணீரைக் கொட்டுங்கள். கொட்டினால் மட்டும் போதாது, முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும், தேய்த்துக் கழுவுங்கள். நன்றி, வணக்கம்.