பாறுகள் ஏன் மறைந்தன? காரண விளைவுக் கட்டுரைக்கு ஒரு திட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

எழுத்துப் பயிற்சி வகுப்பில் மாணவர்களை அதிகம் திணற வைப்பது எது என்று கேட்டால், காரண விளைவுக் கட்டுரை என்றுதான் சொல்வேன். வருணனை என்றால் பார்த்ததை எழுதிவிடலாம். அனுபவக் கட்டுரை என்றால் நினைவில் இருப்பதை எழுதிவிடலாம். 'இது ஏன் நடந்தது, இதனால் என்ன ஆயிற்று' என்று எழுத உட்கார்ந்தால் மட்டும் இரண்டாவது வரியிலேயே 'பல்வேறு காரணங்களால்' என்று வந்து விழுந்துவிடுகிறது. அந்தப் 'பல்வேறு' என்பதைப் பிரித்துப் பார்க்கும் வேலையை, கட்டுரையின் முதல் வரியை எழுதும் முன்பே முடித்துவிட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் மனத்தில் நிற்காது. ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வோம். பாறு. பிணந்தின்னிக் கழுகு என்று நாம் சொல்வோமே, அந்தப் பறவை. 1980களில் வட இந்தியாவில் செத்த மாடு கிடக்கும் இடமெல்லாம் கூட்டம் கூட்டமாக இறங்கிய பறவை அது. ராஜஸ்தானின் பரத்பூர் அருகே உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் அவை வேகமாகக் குறைவதை 1990களின் பிற்பகுதியில் விபு பிரகாஷ் என்ற ஆய்வாளர் கவனித்துச் சொன்னார். 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 99.9 சதவீதம் அழிந்துபோயின. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று.

சரி, இதைக் கட்டுரையாக்க வேண்டும். 'பாறுகளின் அழிவு' என்று தலைப்பு எழுதிவிட்டுத் தொடங்கினால் கட்டுரை எங்கும் போகாது. அதைக் கேள்வியாக மாற்ற வேண்டும்: '1990களில் இந்தியாவில் பாறுகள் ஏன் இவ்வளவு வேகமாக மறைந்தன?' காலம், இடம், வேகம் மூன்றும் கேள்விக்குள் வந்துவிட்டன. அந்த 'வேகமாக' என்ற சொல் உங்களுக்காகப் பாதி வேலையைச் செய்துவிடும். மரங்களை வெட்டினார்கள், நகரங்கள் பெருகின என்று வழக்கமாக எழுதும் காரணங்கள் மெதுவாக வேலை செய்பவை. பதினைந்தே ஆண்டுகளில் ஆயிரத்தை ஒன்றாக்கிவிடும் வேகம் அவற்றுக்கு இல்லை.

அடுத்து, ஒரு தாளில் சந்தேகப்படக்கூடிய காரணங்களை எல்லாம் எழுதுங்கள். தீனி குறைந்ததா? தொற்றுநோயா? பூச்சிமருந்தா? ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், ஏன் பொருந்துகிறது, ஏன் பொருந்தவில்லை என்று ஒரு வரி. மாட்டுப் பிணங்களுக்குப் பஞ்சமே இல்லை, ஆகவே தீனி இல்லை என்பது நிற்காது. பறவைகள் கழுத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத் தொற்றுநோய் என்றுதான் பலரும் முதலில் நினைத்தார்கள். பாகிஸ்தானின் பஞ்சாபில் லின்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை மருத்துவ அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் இறந்த பாறுகளை அறுத்துப் பார்த்தார்கள். கிருமிகள், பூச்சிமருந்து, உலோக நஞ்சு என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். எதுவும் பொருந்தவில்லை. ஆனால் பெரும்பாலான பறவைகளின் உள்ளுறுப்புகள் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்திருக்கிறது என்று அர்த்தம்.

அவர்கள் அடுத்து வைத்த அடியை ஒவ்வொரு எழுத்து மாணவரும் கவனிக்க வேண்டும். காரணமான பொருள் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். தின்றாலே உடம்பில் சேரக்கூடியதாக இருக்க வேண்டும். கால்நடைகளுக்குப் பரவலாகக் கொடுக்கப்படுவதாக இருக்க வேண்டும். இந்த நிபந்தனைகளை வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக்கடைகளிலும் போய் விசாரித்தார்கள். ஒரே ஒரு பெயர்தான் எல்லாவற்றுக்கும் பொருந்தியது: டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி. பிறகு பறவைகளைச் சோதித்தார்கள். சிறுநீரகம் கெட்டு இறந்த 25 பாறுகளிலும் அந்த மருந்து இருந்தது. வேறு காரணங்களால் இறந்த 13 பாறுகளில் ஒன்றில்கூட இல்லை. மருந்து கொடுக்கப்பட்ட கால்நடைகளின் இறைச்சியைப் பாறுகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அதே நோய் வந்தது. 2004இல் இந்த முடிவு வெளியானது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று சொல்வோம் இல்லையா, அந்த 13 பறவைகள் இல்லாமல் போயிருந்தால் இதுவும் அந்தக் கதைதான். மருந்து இருந்த பறவை செத்தது என்று மட்டும் சொன்னால் போதாது. மருந்து இல்லாத பறவையில் அந்த நோய் இல்லை என்பதையும் காட்ட வேண்டும். உங்கள் திட்டத்தாளில் 'இது இல்லாத இடத்தில் என்ன நடந்தது?' என்ற கேள்வி கட்டாயம் இருக்கட்டும். இன்னொன்று. நீங்கள் ஒதுக்கிய காரணங்களைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஒரு பத்தியாவது அவற்றுக்குக் கொடுங்கள். வாசகர் மனத்திலும் அதே சந்தேகம் இருக்கும். அதைத் தீர்க்காமல் மேலே போனால் அவர் உங்களோடு வரமாட்டார்.

இனி அம்புக்குறிகள். மாட்டுக்கு மருந்து, அங்கிருந்து ஓர் அம்பு, மாடு சாகிறது, இன்னோர் அம்பு, பாறு தின்கிறது, இன்னோர் அம்பு, பாறு சாகிறது. ஒவ்வொரு அம்பின் மேலும் 'எப்படி?' என்று எழுதுங்கள். எந்த அம்புக்குப் பதில் இல்லையோ, அங்கே நூலகத்துக்குப் போக வேண்டும். உதாரணமாக, செத்த மாடுகளில் எத்தனையில் அந்த மருந்து இருந்திருக்கும்? பாதியிலாவது இருந்திருக்கும் என்று தோன்றும். கணக்குப் போட்டவர்கள் சொன்னது, நூற்றில் ஒன்றுக்கும் குறைவான பிணங்களில் இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்பது. எப்படி? ஒரு பிணத்தைப் பல பாறுகள் சேர்ந்து தின்கின்றன. ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடுகின்றன. குஞ்சு வளர்ந்து இனப்பெருக்கம் செய்யச் சில ஆண்டுகள் ஆகின்றன. இழந்ததை ஈடுகட்ட அவற்றால் முடியவில்லை. சின்னக் காரணம், பெரிய விளைவு. இதை விளக்கும் பத்திதான் கட்டுரையின் உயிர். அதற்குத் தாராளமாக இடம் கொடுங்கள்.

விளைவுப் பக்கம் வந்தால் அது தனிக் கட்டுரையே ஆகும். பாறு இல்லாததால் பிணங்கள் அழுகிக் கிடந்தன, தெருநாய்கள் பெருகின, வெறிநாய்க்கடி ஆபத்து கூடியது. இறந்தோர் உடலைப் பாறுகள் தின்னும்படி திறந்தவெளியில் வைப்பது வழக்கமான மும்பைப் பார்சி மக்கள், தங்கள் இறுதிச் சடங்கு முறைக்கே சூரிய ஒளிக் கருவிகளின் துணையைத் தேட வேண்டி வந்தது. ஏயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற பொருளியல் ஆய்வாளர்கள், பாறுகள் முன்பு அதிகம் வாழ்ந்த மாவட்டங்களையும் அவை அவ்வளவாக இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டார்கள். 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5 லட்சம் கூடுதல் மனித மரணங்களுக்கு இந்த அழிவோடு தொடர்பு உண்டு என்று 2024இல் வெளியிட்டார்கள். இதை எழுதும்போது 'மதிப்பிட்டார்கள்' என்று எழுதுங்கள், 'நிரூபித்தார்கள்' என்று எழுதாதீர்கள். உறுதியின் அளவு வினைச்சொல்லில் தெரிய வேண்டும்.

ஐந்நூறு சொற்களுக்குள் முடிக்க வேண்டிய வகுப்புக் கட்டுரை என்றால் காரணம், விளைவு இரண்டையும் இழுத்துப் போட வேண்டாம். ஒன்றை எடுங்கள், மற்றதற்கு இரண்டு வரி போதும். 'ஆகவே', 'எனவே', 'இதன் விளைவாக' போன்ற சொற்களை எல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அம்பு சரியாக இருந்தால் இணைப்புச் சொல் தானாக வந்து உட்காரும்.

கட்டுரையை எங்கே நிறுத்துவது என்பதையும் திட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். 2006இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் கொடுப்பதை இந்தியா தடை செய்தது. அங்கே முடித்துவிடத் தோன்றும். ஆனால் மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்கொட்டிலுக்குப் போய்க்கொண்டே இருந்தன. 2015இல் ஊசி மருந்துக் குப்பியின் அளவை 3 மில்லிலிட்டராகக் குறைக்க வேண்டி வந்தது. அப்புறம், அசெக்ளோஃபெனாக் என்ற வேறொரு மருந்து மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது என்று தெரிந்து, 2023இல் அதையும் தடை செய்தார்கள். ஆகவே 'மருந்துக்கடையிலிருந்து மாட்டுக்கொட்டில் வரை' என்று எல்லை வைத்துக்கொண்டால் 2023இல் நிறுத்தலாம். 'எப்படிக் கண்டுபிடித்தார்கள்' என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் 2004இலேயே நிறுத்திவிடுங்கள்.

நம் பக்கத்திலேயே முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வெண்முதுகுப் பாறுகள் இன்றும் கூடு கட்டுகின்றன. வடக்கே போனது இங்கே ஏன் மிஞ்சியது? இந்த வாரம் எழுத நினைக்கும் மாணவர்கள் இந்தக் கேள்வியை எடுத்து, முதலில் சந்தேகத் தாளை மட்டும் தயார் செய்யுங்கள். கட்டுரையை அப்புறம் எழுதலாம்.

வணக்கம்.