நாயை விட்டுவிட்டுப் போனால் 50 ரூபாய்: மலைக்கு ஏன் ஒரு மாநிலச் சட்டம் வேண்டும்?

(திரையில்: மழை தூறும் கோத்தகிரி சாலை. ஓரத்தில் கழுத்துப் பட்டையோடு ஒரு நாய்.)

வணக்கம். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. வீட்டுக்குள் வளர்ந்த நாய். தெருவில் பிழைக்கத் தெரியாது. போகிற ஒவ்வொரு காரின் பின்னாலும் கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்.

இப்படி விட்டுவிட்டுப் போனவருக்குச் சட்டத்தில் என்ன தண்டனை? முதல் தடவை என்றால் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை அபராதம். மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 11-ஆவது பிரிவு.

அந்தப் பிரிவை ஒரு முறை முழுதாகப் படித்துப் பாருங்கள். எழுதியவர்கள் மீது மரியாதை வரும். குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பது குற்றம். எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை நடக்க விடாதது குற்றம். போதிய தீனி, தண்ணீர், தங்குமிடம் தராதது குற்றம். பட்டினி கிடக்கும்படி கைவிடுவதும் குற்றம். எல்லாம் 1960-லேயே யோசித்து எழுதியது. அபராதத் தொகை மட்டும் அந்தக் காலத்திலேயே நின்றுவிட்டது.

தொகையைவிடப் பெரிய சிக்கல் இரண்டு உண்டு. கைவிடுவது போலீஸ் தானாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் அல்ல. மாஜிஸ்திரேட் அனுமதி வேண்டும். அப்புறம், குற்றம் நடந்து மூன்று மாதம் தாண்டிவிட்டால் வழக்கே தொடர முடியாது. வெளியூர் வண்டியில் வந்து விட்டுப் போனவரைக் கண்டுபிடித்து, அனுமதி வாங்கி, மூன்று மாதத்துக்குள் நீதிமன்றம் போக வேண்டும். எதற்கு? ஐம்பது ரூபாய்க்கு. நாயைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. பசியில் சாகட்டும் என்று விட்டுப் போவதை அதற்குள் கொண்டுவருவது கடினம்.

(திரையில்: இரவு. சிசிடிவி படம். காம்பவுண்டு சுவரைத் தாண்டும் சிறுத்தை.)

மலையில் இது இன்னும் கொடுமையானது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வாசலில் கட்டியிருக்கும் நாயைத் தேடிச் சிறுத்தை வருகிறது. கட்டாத நாயாவது ஓடிப் பார்க்கும். சங்கிலியில் இருப்பதற்கு அந்த வாய்ப்பும் இல்லை. பிடித்துப் பழகிய சிறுத்தை அதே தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு மறுபடி வரும். அங்கே குழந்தைகளும் இருக்கிறார்கள். சட்டம் ‘போதிய தங்குமிடம்’ என்கிறது. சிறுத்தை நடமாடும் மலையில், குளிரில், போதியது என்றால் என்ன? இரவில் பூட்டக்கூடிய கூண்டு அல்லது வீட்டுக்குள் ஒரு மூலை என்று மாநில விதியில் தெளிவாக எழுத வேண்டும் என்பது என் கோரிக்கை. கைவிட்ட நாய் காட்டோரம் போய்விட்டால் வெறிநோயும், டிஸ்டம்பர் என்ற நாய்த் தொற்றுநோயும் செந்நாய்களுக்குத் தொற்றக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மாநில அரசுக்கு இதில் அதிகாரம் இருக்கிறதா? இருக்கிறது. விலங்கு வதைத் தடுப்பு அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் உள்ளது. மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும், அவ்வளவுதான். இதே 1960 சட்டத்தை 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக நம் சட்டமன்றம் திருத்தியது. ஒப்புதல் அந்த மாதமே வந்தது. அந்தத் திருத்தம் செல்லும் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜல்லிக்கட்டில் நீங்கள் எந்தப் பக்கமாக இருந்தாலும் சரி, மனம் இருந்தால் எவ்வளவு வேகமாக நடக்கும் என்று எல்லோரும் பார்த்தோம்.

டெல்லி செய்யட்டும் என்று காத்திருந்தும் பார்த்தாயிற்று. தண்டனையை நாடாளுமன்றம் கடுமையாக்க வேண்டும் என்று 2014-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022-ல் மத்திய அரசு ஒரு வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. வரைவு சட்டமாகவில்லை.

மலையிலிருந்து கேட்டால் யார் காதில் விழும் என்று நினைக்காதீர்கள். பிளாஸ்டிக் தடையை நீலகிரி 2000-ஆம் ஆண்டுவாக்கிலேயே தொடங்கிவிட்டது. தமிழ்நாடு முழுவதும் தடை வந்தது 2019-ல்.

சரி, யாரிடம் கேட்பது? நீலகிரியில் மூன்று எம்.எல்.ஏ.க்கள்: உதகமண்டலம், குன்னூர், கூடலூர். கொடைக்கானல்காரர்களுக்குப் பழனித் தொகுதி. சட்டமன்றத்தில் கால்நடைத் துறையின் மானியக் கோரிக்கை, அதாவது அந்தத் துறைக்கான நிதி ஒதுக்கீடு, விவாதத்துக்கு வரும் முன்னால் உங்கள் எம்.எல்.ஏ. கையில் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். சம்பவம் நடந்த தேதி, இடம், ஒரு படம், அப்புறம் மூன்றே கோரிக்கை: அபராதத்தை உயர்த்துவது, கைவிடுவதைப் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியும் குற்றமாக்குவது, மூன்று மாதக் கெடுவை நீட்டுவது. கோபமாக நாலு பக்கம் எழுதினால் படிக்க மாட்டார்கள். ஊராட்சியில் இருப்பவர்கள் கிராம சபையில் தீர்மானம் போட்டு நகலை இணைத்தால் கடிதத்துக்கு எடை கூடும்.

இன்னொன்றைக் கலெக்டர் அலுவலகத்தின் திங்கட்கிழமை மனு நாளில் கேட்கலாம். 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. எந்த வண்டி, எத்தனை பேர் என்று கேட்கிறார்கள். கூட நாய் வருகிறதா என்று ஒரு வரி சேர்க்கட்டும். மேலே வந்த நாய் கீழே இறங்கியதா என்று அப்போது சோதனைச் சாவடியிலேயே கேட்க முடியும்.