கண்காட்சியில சுருளாச் சீவல் வருது, வீட்டுல ஏன் வரல?

வாங்க வாங்க. குரல் கரகரன்னு இருந்தா மன்னிச்சுக்கோங்க, மரத்தூள். கைக்கருவி மரவேலைக் கண்காட்சி நேத்துதான் முடிஞ்சுது. டவ்டெயில், அதான் புறா வால் மாதிரி பல்லு வெட்டி ரெண்டு பலகையைக் கோக்குற இணைப்பு, அதை வெட்டிக் காட்டுற மேசையைச் சுத்தி நாலு வரிசைக் கூட்டம். அடுத்த மேசையில ஒருத்தர் இழைப்புளி அலகு தீட்டிக் காட்டுறார், அங்க ஈ காக்கா இல்ல. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

டவ்டெயில் அழகுதான், இல்லேங்கல. மெத்து மரத்துக்கு ஆறுக்கு ஒண்ணு சரிவு, கடின மரத்துக்கு எட்டுக்கு ஒண்ணு, அதை எங்க வேணா படிச்சுக்கலாம். ஆனா அந்த மேசையில இருக்கிற உளி எல்லாம் முன்னாடியே தீட்டி வச்சது. பலகை முடிச்சே இல்லாம ரேகை நேரா ஓடுறது. மேசை யானை மாதிரி அசையாது. இந்த மூணும் அமைஞ்சா யார் தள்ளினாலும் சீவல் சுருண்டு வரும். அதைப் பாத்துட்டு வீட்டுக்கு வந்து, "என் இழைப்புளி சரியில்ல"ன்னு எனக்குக் கமென்ட் போடுறீங்க!

அடுத்த தடவை அந்த மாதிரிக் கண்காட்சிக்குப் போனா, இழைச்சுக் காட்டுறவர்கிட்ட ஒண்ணு கேளுங்க: "ரேகை கொஞ்சம் சாய்ஞ்ச பலகையா எடுத்து, ரெண்டு முனையில இருந்தும் இழைச்சுக் காட்டுங்க." ஒரு பக்கம் வழவழன்னு வரும். மறுபக்கம் அலகு வெட்டுறதுக்கு முன்னாடியே நாரைத் தூக்கிப் பிளந்துடும், குழி குழியாப் பிய்ஞ்சிருக்கும். அப்ப அவர் எதைத் தொடுறார்னு பாருங்க. பெரும்பாலும் சிப் பிரேக்கரைத்தான் தொடுவார், அதான் அலகு மேல திருகி வச்சிருக்கிற அந்த இரும்புத் தகடு. சும்மா முரட்டுத்தனமா இழைக்க, அது அலகு முனையில இருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருக்கலாம். கடைசி இழைப்புக்குக் கால் மில்லிமீட்டர், அவ்வளவு கிட்ட. சீவல் கிளம்பின உடனே தகட்டுல முட்டி மடங்கிடும், நாரைத் தூக்குற பலம் அதுக்கு இருக்காது.

கிட்ட கொண்டுபோனதும் சீவல் சிக்கி அடைச்சுக்குதா? தகடும் அலகும் முனையில முழுசாப் படியல. ரெண்டையும் சேத்து வெளிச்சத்துக்கு எதிராப் பிடிங்க. ஒரு மயிரிழை வெளிச்சம் தெரிஞ்சாலும் சீவல் அதுக்குள்ள புகுந்துடும். தகட்டோட முன் விளிம்பைக் கல்லுல வச்சு, பின் பக்கத்தைக் கல் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ இறக்கிப் பிடிச்சுத் தேய்ங்க. நுனி மட்டும் படியணும். ரெண்டு நிமிஷ வேலை, ஆனா எத்தனை பேர் இதுக்காகப் புது இழைப்புளியே வாங்குறாங்க!

சரி, தீட்டுறது. அலகு முனையில சரிவா இருக்கிற பக்கம், அதான் பட்டை, அது 25 டிகிரி, நுனியில மட்டும் 30. தீட்டுறப்ப கோணம் மாறாம அலகை ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற சாதாரண கைடு வச்சிருந்தா, இழைப்புளி அலகு 38 மில்லிமீட்டர் வெளிய நீட்டினா 30 வரும், 50 நீட்டினா 25. உளிக்கு அந்த நீட்டல் 30 மில்லிமீட்டர், 40 மில்லிமீட்டர். இந்த நீட்டலை அளக்க, பழைய வீடியோவுல மரத்துண்டுல ஆணி வச்சு அளவுக்கட்டை செஞ்சோமே, அதை எடுத்துக்கோங்க.

ஆயிரம் கல்லுல, அதான் ஆயிரம் கிரிட் தீட்டுக்கல்லுல (எண் கூடக் கூட கல் நைசா இருக்கும்), எத்தனை தடவை தேய்க்கணும்? எண்ணாதீங்க. முதுகுப் பக்கம், அதான் பட்டைக்கு எதிர்ப்பக்கம், பிசிறு, அதாவது விளிம்புல மெல்லிசா மடங்கி நிக்கிற இரும்பு, வரணும், அதுதான் கணக்கு. கட்டை விரலை அலகோட உடம்புல இருந்து வெளிப்பக்கமாத் தள்ளிப் பாருங்க. விளிம்பு நெடுக ஓட்டாதீங்க, விரல் போயிடும்! நடுவுல பிசிறு இருந்து மூலையில இல்லேன்னா மூலை இன்னும் மொண்ணைதான். இந்தக் கல்லை அவசரமா முடிச்சுட்டு, எட்டாயிரம் கல்லுல அரை மணி நேரம் பளபளப்பாக்குறவங்களைப் பாத்தாலே எரிச்சல். மொண்ணை அலகுக்குக் கண்ணாடி மினுக்கு எதுக்கு? அப்புறம் முதுகை முழுசாத் தேய்க்க வேண்டாம், முனையில ஒரு சென்டிமீட்டர் சமமா இருந்தாப் போதும்.

அய்யய்யோ, ஒண்ணு விட்டுட்டேன். தீட்டின அலகுல தகட்டைத் திரும்ப மாட்டுறப்ப நேரா வச்சுத் தள்ளாதீங்க, தகடு முனையில உரசிச்சுன்னா பட்ட பாடு எல்லாம் வீண். அலகுக்குக் குறுக்கா வச்சு, திருகை ஓட்டையில விட்டு, முனைக்கு எதிர்ப்பக்கம் இழுத்து, அப்புறம் நேராத் திருப்பி, மெதுவா முன்னாடி நகத்துங்க. கண்காட்சியில அலகு தீட்டிக் காட்டினவர் இதைக் கண்ணை மூடிக்கிட்டுச் செஞ்சார், பாக்கத்தான் ஆள் இல்ல.

கூர் வந்துச்சான்னு பாக்க கை மயிரை எல்லாம் சிரைக்க வேண்டாம். மெத்து மரத்தோட வெட்டுமுகத்துல, அதான் ரேகைக்குக் குறுக்கா அறுத்த முனையில, உளியைக் கையாலேயே அழுத்திச் சீவுங்க. முகம் மினுமினுன்னு இருந்தா சரி. வெள்ளை வெள்ளையாப் புள்ளி விட்டு உதிர்ந்தா, திரும்ப ஆயிரம் கல்லுக்கே போங்க.